டயரும் மாணவர் பணப்பையும்

“காரை வேகமாக ஓட்டிப் பழகுவது செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு அன்றோ? விடுதிச் சாப்பாட்டுப் பணத்தை எண்ணி எண்ணிக் கட்டுகிற நமக்கு அது எதற்கு?” என்று மன்றத்து நண்பர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதே. ஆயினும், பழைய கார் ஒன்றை நால்வர் கூடி வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் கிரேட்டர் நொய்டாவுக்குப் போய்வருகிற மாணவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். எங்கள் செலவுகளில் எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கலாகாது என்பதை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

கிரேட்டர் நொய்டாவில் உள்ள புத் பந்தயத் தடம் ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான சுற்றளவுடையது. 2011, 2012, 2013 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஃபார்முலா ஒன் பந்தயம் அங்கே நடைபெற்றது. அப்பெரிய தடத்தில் நம்மைப் போன்றோர் சொந்தக் காரை ஓட்டுவதற்கென்று சில நாட்கள் ஒதுக்கப்படுவதுண்டு. அதை டிராக் டே என்பார்கள். இது பந்தயம் அன்று. பரிசும் இல்லை; முதல்வன், கடையன் என்ற பேச்சும் இல்லை. கட்டணம் கட்டி, தலைக்கவசம் அணிந்து, முறை வரும்போது பதினைந்து இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வெளியே வரவேண்டும். தமிழ்நாட்டுக்கு விடுமுறையில் போகிறவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர்த் தடம் இருக்கிறது. சோழவரம் விமானத் திடலில் நடந்த பந்தயங்களைக் கண்ட தாத்தாக்கள் நம்மில் சிலருக்கு உண்டு. அவர்களைக் கேட்டால் இந்த ஆசை நமக்கு மட்டும் புதிதாக வந்ததன்று என்பது விளங்கும்.

நுழைவுக் கட்டணம் முன்னதாகவே தெரியும். பெட்ரோல் செலவு அன்றன்றைக்குத் தெரிந்துவிடும். டயர்ச் செலவோ அப்படிப்பட்டதன்று. நாம் ஓட்டுகிற ஒவ்வொரு சுற்றிலும் அது சத்தமின்றி ஏறிக்கொண்டே போய், ஒரு நாள் கடன்காரனைப் போல வாசலில் வந்து நிற்கும். ஆதலின் அதைச் சுற்றுக்குச் சுற்று கணக்கிடப் பழகவேண்டும். அதற்கு ஒரு வழி உண்டு.

புதிய டயரின் பட்டன் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்துவிட்டால் அது சாலைக்கு உதவாது. பள்ளங்களுக்குள்ளே குறுக்காக ஓடும் சிறு மேடுகள் அந்த எல்லையைக் காட்டும். எனவே நாம் உண்மையில் விலை கொடுத்து வாங்குவது 6.4 மில்லிமீட்டர் ரப்பரைத்தான். கணக்குக்காக ஒரு டயர் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டர் ரப்பரின் விலை சுமார் 940 ரூபாய் ஆகிறது! ஆழம் அளக்கும் சிறு கருவி ஒன்று கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. தடத்துக்குப் போகுமுன் ஒரு முறை, வந்தபின் ஒரு முறை, ஒவ்வொரு டயரிலும் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடத்தில் அளந்து நோட்டில் எழுதுங்கள். எத்தனை சுற்றுக்கு எத்தனை ரூபாய் கரைந்தது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

அப்படி எழுதத் தொடங்கியதும் முதலில் கண்ணில் படுவது, தேய்மானம் எங்கும் ஒரே அளவில் இல்லை என்பதே. நம் சிறிய கார்களில் எஞ்சின் முன்னே இருக்கிறது. இழுப்பவையும் முன்சக்கரங்களே, திரும்புபவையும் அவையே. பிரேக் அழுத்தும்போது வண்டியின் பாரமும் முன்னே சாய்கிறது. பின்சக்கரங்கள் கல்யாண வீட்டு விருந்தாளிகளைப் போல உடன் வருகின்றன. மேலும் புத் தடத்தில் வலஞ்சுழியாகச் சுற்றுகிறோம். வலப்புறம் வேகமாகத் திரும்பும்போது பாரம் இடப்புறம் போய் விழும். ஆகவே நான்கு டயர்களிலும் அதிகம் துன்புறுவது முன் இடப்புற டயர். அதிலும் அதன் வெளி ஓரம்.

இதனால் வரும் நட்டத்தைப் பாருங்கள். வெளி ஓரம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டது, உள் ஓரம் இன்னும் 5.6 இருக்கிறது என்றால், சராசரியாக 2 மில்லிமீட்டர் நல்ல ரப்பரை, அதாவது ஏறத்தாழ 1,900 ரூபாயை, டயரோடு சேர்த்துத் தூக்கி எறிகிறோம். இதற்குப் பரிகாரம் உண்டு. முன்னும் பின்னும் டயர்களை மாற்றி மாட்டுவது எல்லோரும் அறிந்தது. இன்னொன்றை அநேகர் செய்வதில்லை. உருளும் திசை காட்டும் அம்புக்குறியோ, வெளிப்புறம் இதுவென்ற குறியோ இல்லாத டயராயின், ரிம்மிலிருந்து கழற்றி உள்ளதை வெளியாகத் திருப்பிப் போடலாம். பஞ்சர் கடையில் கால் மணி நேர வேலை. கடைக்காரர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்க்கட்டும். வசதி உள்ளவர்கள் வீல் அலைன்மென்ட் பார்க்கும்போது முன்சக்கரங்களின் மேற்பக்கம் சற்று உள்நோக்கிச் சாயுமாறு, ஏறத்தாழ ஒரு டிகிரி, வைக்கச் சொல்லலாம். வளைவில் கார் சரியும்போது டயர் முழு அகலத்தோடு தரையில் பதிய அது உதவும். எல்லாக் கார்களிலும் அதற்கு இடமிராது.

இனி காற்றுக்கு வருவோம். பணமும் உயிரும் ஒருங்கே சம்பந்தப்பட்டது இதுதான். ஆதலால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

டயர் சூடேறுவது தரையில் உராய்வதால் மட்டும் அன்று. ஒவ்வொரு உருளலிலும் ரப்பர் நசுங்கி, மீண்டும் நிமிர்கிறது. நசுக்கச் செலவான ஆற்றல் முழுதும் திரும்பி வருவதில்லை. ஒரு பங்கு ரப்பருக்குள்ளேயே வெப்பமாகத் தங்கிவிடுகிறது. காற்று குறைந்த டயர் அதிகம் நசுங்கும், அதிகம் சூடேறும். வளைவுகளில் ஓரம் மடிந்து பக்கச் சுவரே தரையில் தேயும். காற்று மிகுந்த டயரோ நடுவில் புடைத்து, தரையைத் தொடும் பரப்புக் குறைந்து, சறுக்கும். இரண்டும் ரப்பரைத் தின்னும்.

சூடேறினால் உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தமும் ஏறும். பள்ளிக்கூடத்தில் படித்த வாயு விதிதான். காலையில் 30 டிகிரி வெப்பத்தில் 30 பவுண்டு காற்று வைத்தோம் என்க. கணக்குப் போடும்போது வெளிக்காற்றின் 14.7 பவுண்டையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். டயருக்குள் 70 டிகிரி ஆனதும் அழுத்தமானி ஏறத்தாழ 36 காட்டும். தில்லியிலோ ஒரு வேடிக்கை. ஜனவரிக் காலையில் 8 டிகிரிக் குளிரில் அதே 30 வைத்தால், அதே 70 டிகிரியில் அது 40 ஆகிவிடும். மே மாதம் 40 டிகிரி வெயிலில் வைத்தாலோ 34தான் வரும். “எப்போதும் முப்பது வைப்பேன்” என்று சொல்கிற நண்பர் இரு பருவங்களில் இருவேறு கார்களை ஓட்டுகிறார் என்பதே உண்மை. ஆதலின் தடத்தைப் பொறுத்தவரை குளிர்ந்த அளவை நம்பலாகாது; வெளியே வந்து நின்றவுடன், சூடு ஆறுமுன், அளக்கவேண்டும். நான்கிலும் ஒரே அளவு ஏறியிராது. உழைத்த டயரில் அதிகம் ஏறியிருக்கும். மிகுதியைச் சிறிது சிறிதாக இறக்கவேண்டும்.

எவ்வளவுக்கு இறக்குவது? ஒரு துண்டுச் சாக்குக்கட்டி பதில் சொல்லும். பட்டன் முடிந்து பக்கச் சுவர் தொடங்கும் ஓரத்தில் நான்கைந்து இடத்தில் குறுக்காகக் கோடு போடுங்கள். சில சுற்றுகள் ஓட்டி வந்து பாருங்கள். கோடு பக்கச் சுவர்வரை அழிந்திருந்தால் காற்று போதாது. பட்டன் மேலேயே கோடு மிஞ்சியிருந்தால் காற்று அதிகம். நூறு புத்தகம் படிப்பதைவிட இந்தச் சாக்குக்கட்டி மேல்.

இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. 70 டிகிரிச் சூட்டில் 34க்கு இறக்கிவிட்டோம். மாலையில் வீடு திரும்புகிறோம். குளிர்காலமாயின் இருட்டியதும் 10 டிகிரிக்குப் போய்விடுகிறது. ஆறிய டயரில் இப்போது இருப்பது 25 அல்லது 26 பவுண்டே. நண்பர் நால்வர் ஏறிக்கொண்டு, அப்படியே ஆக்ராவையும் பார்த்துவிட்டு வரலாம் என்று பக்கத்திலேயே இருக்கும் 165 கிலோமீட்டர் நீள யமுனா விரைவுச் சாலையில் திருப்பினால் என்ன ஆகும்? காற்றுக் குறைந்த டயர், நிறைந்த பாரம், நிற்காத வேகம், காலையிலிருந்து வெந்து களைத்த ரப்பர்! தடத்தில் டயர் வெடித்தால் அகன்ற வெளி இருக்கிறது, ஆம்புலன்ஸ் நிற்கிறது. சாலையில் பக்கத்தில் லாரி வருகிறது. எனவே தடத்தை விட்டுப் புறப்படுமுன் டயர் ஆறும்வரை தேநீர் குடியுங்கள். கார் செய்தவர் கதவோரச் சீட்டில் குறித்த அளவுக்குக் காற்று நிரப்புங்கள். பக்கச் சுவரைக் கையால் தடவி, புடைப்போ வெட்டோ உண்டா என்று பாருங்கள். பெட்ரோல் பங்க்குக் கருவிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. சொந்தமாக ஓர் அழுத்தமானியும், காரின் மின்சாரத்தில் ஓடும் சிறு பம்பும் இருப்பது நலம். மேற்சொன்ன கணக்குப்படி ஒரு மில்லிமீட்டர் ரப்பரை மிச்சப்படுத்தினாலே அழுத்தமானியின் விலை வந்துவிடும்.

புதிய டயரை வாங்கிய கையோடு தடத்துக்குக் கொண்டுபோகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். புது விளக்குமாற்றின் நீண்ட குச்சி வளைந்துகொடுக்கும். தேய்ந்த கட்டை விளக்குமாறோ விறைப்பாக நின்று தரையைச் சுரண்டும். டயரும் அப்படியே. 8 மில்லிமீட்டர் உயரப் பட்டன்கள் வளைவில் நெளிந்து நெளிந்து வெந்து, ஓரங்கள் துண்டு துண்டாகப் பிய்ந்து போகின்றன. பாதி தேய்ந்தவை நெளிவதில்லை. பந்தயக்காரர்கள் சிலர் புது டயரைக் காசு கொடுத்துச் சீவிக்கொள்வதுகூட உண்டு. நமக்கு அது வேண்டாம். தில்லியில் மழை தொடங்கும் ஜூலை வாக்கில் டயர் மாற்றினால், ஆழமான பள்ளங்கள் தண்ணீரை வெளியேற்ற நன்கு பயன்படும். சாலையில் ஓடி ஓடிப் பாதியாகும் சமயம் குளிர்காலத்து வறண்ட தடத்துக்கு அது பதமாகிவிடும். இந்த ஒரு முறையினாலேயே எங்கள் நால்வரின் பங்குத் தொகை கணிசமாகக் குறைந்தது. ஆனால் தடம் நனைந்திருக்கும் நாளில் அந்தத் தேய்ந்த டயரோடு இறங்கவே கூடாது. கட்டிய கட்டணம் போனால் போகிறது.

சக்கரத்தைப் பிடிக்கிற கையும் செலவைக் கூட்டும், குறைக்கும். வளைவில் முன்சக்கரங்கள் கிறீச்சிட்டு நேரே ஓடப் பார்க்கின்றன என்றால், புதிதாக ஓட்டுகிறவர் இன்னும் அதிகமாக ஒடிப்பார். பிடிப்பு அப்போது மிச்சமில்லை. ஒடிக்க ஒடிக்க அழிப்பானைப் போல ரப்பரைத் தேய்க்கிறோம், அவ்வளவுதான். செய்யவேண்டியது வேகத்தைச் சற்றுத் தளர்த்தி, ஒடிப்பையும் சிறிது குறைப்பது. முதல் சுற்றை மெதுவாக ஓட்டிச் சூடேற்றுவதும், கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி ஆற்றுவதும் வழக்கமாகவேண்டும். இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார்களே என்று இருபதையும் ஓட்டித் தீர்க்கவேண்டியதில்லை. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முன்பக்கம் வெண்ணெயில் நடப்பதுபோல் வழுக்கத் தொடங்கினால் வெளியே வந்துவிடுவது இலாபம்.

மென்மையான ரப்பரில் செய்த, பந்தயத்துக்கு அண்மையான டயர்கள் வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அமெரிக்க முறைப்படி பக்கச் சுவரில் ட்ரெட்வேர் என்று ஓர் எண் பொறித்திருக்கும். எண் குறையக் குறைய ரப்பர் மென்மை, பிடிப்பு அதிகம், ஆயுள் குறைவு. 200 என்பது தடத்து வகை; சாதாரண டயர்கள் 300க்கு மேல் இருக்கும். செய்தவர்கள் தாமே கொடுக்கும் எண்ணாதலால் இருவேறு கம்பெனிகளை ஒப்பிட அது அவ்வளவாக உதவாது. வேறு ரிம், அவற்றை வைக்க இடம், மாட்டிக் கழற்றும் கூலி எல்லாம் சேரும். விடுதியில் கட்டிலுக்கடியில் நான்கு டயரை வைக்க வார்டன் சம்மதிக்கமாட்டார். ஆண்டுக்கு இரண்டு மூன்று நாள் ஓட்டுகிற நமக்கு நல்ல சாலை டயரே போதும்.

மலிவு என்று சொல்லிப் பழைய டயர் சந்தைக்குப் போவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு உயரமிருந்தாலும் முதுமையில் ரப்பர் இறுகி வெடிப்பு விடும். அந்தச் சந்தையில் பளபளப்புப் பூசி அதை மறைப்பது கைவந்த கலை. ரீட்ரெட் செய்தது, பக்கச் சுவரில் ஒட்டுப்போட்டது எதுவும் தடத்துக்கு ஆகாது. அந்தத் தடத்தில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீண்ட நேர்பாதை உண்டு. அதன் கோடியில் பிரேக்கை மிதிக்கும்போது நம்மைக் காப்பது உள்ளங்கை அகலமுள்ள நான்கு ரப்பர்த் துண்டுகளே. மோட்டார் இன்ஷூரன்ஸ் பத்திரங்களில் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டிருக்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்; தடத்தில் நொறுங்கிய காருக்குப் பணம் வரும் என்று நம்பியிருக்க முடியாது.

தடத்துக்கு ஆகாத நிலைக்கு வந்த டயரில் 3 மில்லிமீட்டர் சமமாக மிஞ்சியிருந்து, வெட்டும் புடைப்பும் இல்லாவிட்டால், நகருக்குள் மெதுவாக ஓட்ட இன்னும் சில மாதம் பயன்படும். அதன்பின் அது பஞ்சர் கடைக்காரருக்கு.

ஆழமானியும் அழுத்தமானியும் என் அறையில் இருக்கின்றன. வேண்டுவோர் எடுத்துப் போகலாம். திங்கட்கிழமைக்குள் திருப்பித் தந்துவிட்டால் போதும்.