பழகிரும்

அப்பாவின் பல் செட் இரவெல்லாம் எவர்சில்வர் டம்ளர் தண்ணீருக்குள் கிடக்கும். 1980-களின் தொடக்கத்தில் மேல்வாயில் நான்கு பல் போனபோது கட்டிக்கொண்டு வந்தது. இளஞ்சிவப்பு அக்ரிலிக் தகடு அண்ணம் முழுவதையும் மூடும்; மிஞ்சிய பற்களைப் பிடித்துக்கொள்ள இருபுறமும் கம்பிக் கொக்கி. அண்ணம் மூடியிருப்பதால் காப்பியின் சூடு வாய்க்குத் தெரியாது, தொண்டையில் இறங்கும்போதுதான் சுடும். கொக்கி ஒன்று கன்னத்தை உள்ளே உரசிப் புண்ணாக்கியது. தேன் தடவினார், நெய் தடவினார். ஒருநாள் உப்புத்தாளை எடுத்து ஓரத்தைத் தானே தேய்த்துக்கொண்டார். கட்டிய இடத்துக்கு மட்டும் திரும்பிப் போகவில்லை. "பழகிரும்" என்பார். கடைசிவரை ஒரு பக்கமாகவே மென்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஊரிலிருந்து மதுரைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்; ஒரு நாள் சம்பளம் போகும். வைத்தியம் பார்த்தவரிடமே போய் "சரியில்லை" என்று சொல்வதை மரியாதைக் குறைவாக நினைத்த தலைமுறை அது. அவருக்கு முந்தைய தலைமுறைக்கு அந்தத் தகடுகூட இல்லை. அப்பத்தாவின் வாயில் ஒரு பல்லும் கிடையாது. வெற்றிலையைக் கையுரலில் இடித்துத்தான் போட்டுக்கொள்வாள். சென்னை போன்ற நகரங்களில் சீனாவின் ஹூபெய் மாகாணத்திலிருந்து வந்த குடும்பங்கள் பல் கட்டும் கடை வைத்திருந்தன. எங்கள் கிராமத்துக்கு அதெல்லாம் காதில் விழுந்த சேதி மட்டுமே.

போன வருடம் என் முறை வந்தது. கீழ் இடப்பக்கக் கடைவாய்ப்பல் ஒன்றை எடுத்துவிட்டு பிரிட்ஜ் போட்டார்கள். விழுந்த பல்லுக்கு இருபுறமும் உள்ள பற்களை ராவிச் சிறிதாக்கி, அவற்றின் மேல் கேப் மாட்டி, நடுவில் பொய்ப்பல்லைத் தொங்கவிடும் வேலை. 1943-இல் சுவீடனில் உருவான லிக்னோகெய்ன் ஊசி தாடையை மரத்துப்போகச் செய்துவிட்டது. நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் காற்று டர்பைன் 1957-இல் வந்த கருவி. அது பல்லை ராவும் சத்தம் மட்டும் கேட்டது, வலி இல்லை. ஆனாலும் நல்ல பற்கள் இரண்டைத் தேய்க்கிறார்களே என்று மனசு கஷ்டப்பட்டது. தேய்த்தது திரும்பி வளராது. இதை முன்கூட்டியே சொல்லி, இம்ப்ளான்ட் என்ற வேறு வழியும் இருப்பதை விளக்கிய டாக்டருக்கு நன்றி சொல்ல வேண்டும். தற்காலிக பிரிட்ஜை ஒட்டிய சிமென்ட்டில் கிராம்பு வாசனை. கிராம்பு எண்ணெயில் இருக்கும் யூஜெனால்தான் அதிலும் இருக்கிறதாம். பல்வலிக்கு அப்பத்தா அடக்கிக்கொள்ளச் சொன்ன அதே கிராம்பு.

நிரந்தர பிரிட்ஜ் ஒட்டிய நாள் முதல் வாயில் ஒரு புளியங்கொட்டை கிடப்பதுபோல இருந்தது. நாக்கு ஓயாமல் அங்கேயே போய்த் தடவும். தண்ணீர் குடித்தால் சுரீரென்று கூசும். இவை பரவாயில்லை. வாயை மூடினால் மற்ற பற்கள் சேருவதற்கு முன் அந்த இடம் முதலில் முட்டியது. மூன்றாம் நாள் சோறு மெல்லவே வலித்தது. ஐந்து நாள் வலப்பக்கமாகவே சாப்பிட்டேன். யாரோ கேட்டதற்கு "பழகிரும்" என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் அது அப்பாவின் குரல் என்று உறைத்தது. மறுநாளே கிளம்பினேன்.

டாக்டர் ஒரு நீலத்தாளைப் பற்களுக்கு இடையே வைத்தார். "டக்டக்னு கடிங்க. இப்ப பக்கவாட்டுல அரைங்க." பொய்ப்பல்லின் ஒரு மூலையில் மட்டும் திட்டாக நீலம் பதிந்திருந்தது. அந்தப் புள்ளியைத் தேய்த்தார், திரும்பக் கடிக்கச் சொன்னார், இன்னும் கொஞ்சம் தேய்த்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பல்லின் வேரைச் சுற்றியுள்ள நார்த்திசு தலைமுடியைவிட மெல்லிய தாளையும் உணரக்கூடியது என்றார். அவ்வளவு நுட்பமான இடத்தில் ஒவ்வொரு கடியும் சம்மட்டி அடியாக விழுந்தால் வலிக்காமல் என்ன செய்யும்?

பழகுவது என்று ஒன்று உண்மையில் உண்டு. நாக்கு மூன்று வாரத்தில் அந்த இடத்தை மறந்தது. குளிர்ந்த தண்ணீரின் கூச்சம் மெல்ல மெல்ல அடங்கியது. பொய்ப்பல்லுக்கு அடியில் நுனி விறைப்பான நூலை நுழைத்து இரவில் சுத்தம் செய்வது முதலில் மல்லுக்கட்டாக இருந்தது, இப்போது கை தானாகப் போகிறது. ஆனால் கடிக்கும்போதெல்லாம் வலித்தால் அது பழகுகிற காரியமில்லை. சூடாக ஏதாவது குடித்தபின் வலி அடங்காமல் விண்விண்ணென்று தெறித்தாலும், தூக்கத்தில் எழுப்பினாலும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டிருக்கலாம். வேர் சிகிச்சை தேவைப்படலாம். பிரிட்ஜ் ஆடினால் சிமென்ட் விட்டிருக்கலாம். அடியில் அழுக்குச் சேர்ந்தால் தாங்கி நிற்கும் பல்லே சொத்தையாகும். அப்பா காலத்தில் இதையெல்லாம் பிரித்துச் சொல்ல ஆளில்லை. எல்லா வலிக்கும் ஒரே சொல்தான் இருந்தது.

தீபாவளிக்கு அண்ணன் வந்திருந்தார். அவருக்கும் பிரிட்ஜ் போட்டிருக்கிறது. முறுக்கை உடைத்து வலப்பக்கமாக மட்டுமே ஒதுக்குவதைப் பார்த்தேன். அப்பா உட்கார்ந்த அதே திண்ணை.

"எத்தன நாளா அண்ணே?"

"மூணு மாசமா இப்படித்தான். கடிச்சா லேசா வலிக்கும். பழகிரும்டா தம்பி."

"பழகாது அண்ணே. லீவு முடிஞ்சதும் போய் நீலத்தாள் வச்சுப் பாக்கச் சொல்லுங்க. நானும் கூட வர்றேன்."