பந்தயத் தடத்தில் ஒரு பள்ளிக்கூடம்

சிவப்பு ‘எல்’ எழுத்தைத் தாங்கிய கார் ஒன்று தெருவில் ஊர்ந்து வந்தால் நாம் சற்று ஒதுங்கி வழி விடுகிறோம். புதிதாக ஓட்டப் பழகுகிறவர் என்று தெரிந்துகொள்கிறோம். ஆனால் ஏற்கனவே நன்றாக ஓட்டத் தெரிந்தவர்களை அழைத்து, கார்ப் பந்தயத் தடத்தில் ஓட்டவிட்டு, “வளைவுக்குள் இன்னும் வேகமாக வா, பிரேக்கை இன்னும் தாமதமாக அழுத்து” என்று சொல்லிக் கொடுக்கும் பள்ளிகளும் உலகில் பல இடங்களில் உண்டு. ஒரு நாள் அல்லது இரண்டு நாள் வகுப்புத்தான். கட்டணமோ சாதாரண ஓட்டுநர் பள்ளியைப் போலப் பல மடங்கு.

இவ்வளவு பணம் கொடுத்துப் படிப்பதால் பயன் உண்டா? அங்கே படித்தவர் சாலையில் நம்மைவிடப் பத்திரமாக ஓட்டுவாரா? என்னிடம் இயக்கவியல் படிக்கும் கல்லூரி மாணவர்கள் இதை அடிக்கடி கேட்கிறார்கள். நியூட்டனின் விதிகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு விடை தேடுவோம்.

முதலில் சிறிது வரலாறு. அமெரிக்கப் பந்தய வீரர் பாப் பாண்டுரன்ட் 1967ஆம் ஆண்டு வாட்கின்ஸ் கிளென் தடத்தில், மணிக்குச் சுமார் 240 கிலோமீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருந்தார். காரின் ஸ்டீயரிங் அமைப்பில் ஒரு பாகம் முறிந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் நீண்ட நாள் மருத்துவமனைப் படுக்கை. அடுத்த ஆண்டே, 1968இல், கலிபோர்னியாவில் ஓட்டுநர் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். ‘வின்னிங்’ என்ற பந்தயப் படத்துக்காக நடிகர் பால் நியூமன் அவரிடம் பயிற்சி பெற்றார். நடிப்புக்காகக் கற்ற வித்தை நியூமனை விடவில்லை. 1979இல், 54ஆம் வயதில், பிரான்சின் புகழ்பெற்ற லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் அவரது அணி இரண்டாம் இடம் பெற்றது.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயங்கள் நடந்தன. 1990இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் இதற்கென்றே ஒரு தடம் திறக்கப்பட்டது. பின்னர் கோவை செட்டிப்பாளையத்திலும் ஒன்று வந்தது. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 1992இல் பிரான்சு சென்று வின்ஃபீல்டு பந்தயப் பள்ளியில் பயின்றார். 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். ஆக, பந்தய வீரர் ஆக வேண்டும் என்பவருக்கு இந்தப் பள்ளி தேவையா என்ற கேள்விக்கே இடமில்லை. நீச்சல் வீரருக்குக் குளம் தேவையா என்று யாராவது கேட்பார்களா? நம் கேள்வி மற்றவர்களைப் பற்றியது.

நான்கு உள்ளங்கைகள்

ஆயிரம் கிலோகிராம் நிறையுள்ள ஒரு கார் சாலையைத் தொடும் இடம் எவ்வளவு தெரியுமா? ஒரு டயர் தரையில் பதியும் பரப்பு ஏறக்குறைய உங்கள் உள்ளங்கை அளவு. நான்கு டயர்களுக்கு நான்கு உள்ளங்கைகள். வேகம் எடுப்பது, திரும்புவது, நிற்பது எல்லாம் இந்த நான்கு இடங்களில் ஏற்படும் உராய்வினால்தான். என்ஜினுக்கு எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் உராய்வு ஒத்துழைக்காவிட்டால் சக்கரம் இருந்த இடத்திலேயே சுழலும். மழைக்காலத்தில் சேற்றில் சிக்கிய லாரியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உலர்ந்த தார்ச்சாலையில் நல்ல டயருக்கு உராய்வுக் குணகம் சுமார் 0.8. இதைப் புவியீர்ப்பு முடுக்கமாகிய 9.8ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 8 வருகிறது. அதாவது ஒவ்வொரு வினாடியிலும் காரின் வேகத்தை வினாடிக்கு 8 மீட்டர் அளவுக்குக் குறைக்கலாம். அதற்கு மேல் குறைக்க எந்தச் சூரனாலும் முடியாது. சாலை நனைந்துவிட்டால் குணகம் 0.5 அளவுக்கு இறங்கிவிடும்.

பந்தயப் பள்ளியின் முதல் பாடம் இந்த எல்லையைப் பற்றியதுதான். கையிருப்பு ஒன்று, செலவு இரண்டு. பிரேக் பிடிப்பதற்கும் உராய்வு வேண்டும், திரும்புவதற்கும் உராய்வு வேண்டும். இரண்டு விசைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருப்பதால் அவற்றைச் சாதாரணமாகக் கூட்டக் கூடாது. பிதாகரஸ் தேற்றப்படி கூட்ட வேண்டும். மொத்த உராய்வில் 80 சதவீதத்தைத் திரும்புவதில் செலவிட்டால் பிரேக்குக்கு மிஞ்சுவது 60 சதவீதம். நீங்கள் வகுப்பில் வரைந்த மூன்று, நான்கு, ஐந்து முக்கோணமேதான் இது! முழு உராய்வையும் பிரேக்குக்கே கொடுத்துவிட்டால் திரும்புவதற்கு எதுவும் மிஞ்சாது. ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் நேராகவே போகும். அதனால்தான் “வளைவுக்கு முன்பே நேராக இருக்கும்போது பிரேக் பிடி, பிறகு திருப்பு” என்று பயிற்சியாளர்கள் ஓயாமல் சொல்கிறார்கள்.

அடுத்தது சுமை இடம் மாறுவது. பேருந்து சட்டென்று நிற்கும்போது நாம் முன்னால் சாய்கிறோம் அல்லவா? காரும் அப்படியே முன்புறம் அமுங்குகிறது. மேலே சொன்ன காரின் புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்திலும், முன், பின் அச்சுகளின் இடைவெளி இரண்டரை மீட்டராகவும் இருப்பதாகக் கொள்வோம். நிற்கும்போது இரு அச்சுகளும் தலைக்கு 4,900 நியூட்டன் சுமக்கின்றன. பலமாகப் பிரேக் பிடித்தால் முன் அச்சின் மேல் 6,500, பின் அச்சின் மேல் 3,300. பின் சக்கரங்களின் பிடி இவ்வளவு தளர்ந்த நேரத்தில் ஓட்டுநர் ஸ்டீயரிங்கையும் திருப்பினால், காரின் பின்புறம் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு முன்னே வரப் பார்க்கும். புத்தகத்தில் பத்து முறை படித்தாலும் விளங்காத இந்தச் சங்கதி, நீர் தெளித்த தடத்தில் ஒரே ஒருமுறை கார் சுழன்றால் போதும், விளங்கிவிடும். இதற்கு ஈடான சோதனைச்சாலை எங்கள் கல்லூரியில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எதிரே யாரும் வராத சாலை

பந்தய வித்தைகளில் எனக்கு மிகவும் பிடித்தது வளைவில் பாதை வகுக்கும் கலை. பத்து மீட்டர் அகலமுள்ள தடம் ஒன்று செங்கோணமாகத் திரும்புகிறது. உள் ஓரத்தின் ஆரம் 40 மீட்டர், வெளி ஓரத்தின் ஆரம் 50 மீட்டர். நடுக்கோட்டை ஒட்டியே, அதாவது 45 மீட்டர் ஆரத்தில் திரும்பினால் நம் கார் மணிக்குச் சுமார் 68 கிலோமீட்டர் வேகத்தில் போகலாம். அதற்கு மேல் போனால் மையநோக்கு விசைக்குத் தேவையான உராய்வு கிடைக்காது.

பந்தய வீரர் வேறு விதமாகப் போகிறார். வெளி ஓரத்தில் தொடங்கி, வளைவின் நடுவே உள் ஓரத்தைத் தொட்டு, மீண்டும் வெளி ஓரத்துக்கே வந்துவிடுகிறார். காரின் அகலத்தை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் இந்த வில்லின் ஆரம் 74 மீட்டர்! எட்டக்கூடிய வேகம் ஆரத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால் அது மணிக்கு 87 கிலோமீட்டராக உயர்கிறது. அதே கார், அதே டயர், அதே வளைவுதான். வடிவகணிதம் மட்டுமே 19 கிலோமீட்டரைச் சம்பாதித்துக் கொடுத்துவிட்டது.

ஆனால் ஏற்காடு மலைப்பாதையில் இந்த வடிவகணிதத்தைப் பயன்படுத்தலாமா? சாலையின் பாதி அகலம் எதிரே வருகிறவருக்குச் சொந்தம். அவர் ஒரு பேருந்து ஓட்டுநராக இருந்தால் நம் 74 மீட்டர் ஆரம் அவருடைய முன் சக்கரத்தில் போய் முடியும். பந்தயத் தடத்தில் எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். மாடு குறுக்கே வராது, முன்னே போகும் வண்டி பயணியை ஏற்றத் திடீரென்று நிற்காது. ஒரே வளைவை ஒரே நாளில் முப்பது முறை கடக்கலாம். தவறினால் தடத்துக்கு வெளியே விழுந்து எழ இடம் விட்டிருக்கிறார்கள். அங்கே கற்ற திறமை இங்கே அப்படியே செல்லுபடியாகும் என்று நம்புவதில்தான் ஆபத்து தொடங்குகிறது.

இது வெறும் ஊகமல்ல. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த இருவர் 1974இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பந்தய உரிமம் பெற்றவர்களின் சாலைப் பதிவேடுகளைச் சாதாரண ஓட்டுநர்களின் பதிவேடுகளோடு ஒப்பிட்டார்கள். பந்தய ஓட்டுநர்களுக்கே விபத்துகளும் அதிகம், வேக மீறல் வழக்குகளும் அதிகம்! ‘வேகப் பித்து உள்ளவர்தானே பந்தயத்துக்குப் போகிறார், பயிற்சியின் மேல் பழி ஏன்?’ என்று நீங்கள் மடக்கலாம். நியாயமான ஆட்சேபம்.

அதற்குத்தான் சுவீடனில் ஒரு சோதனை நடந்தது. 1996இல் முடிவு வெளியாயிற்று. ஓட்டப் பழகும் 53 பேரை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழுக்கும் தரையில் பிரேக் பிடிக்கவும் விலகவும் திறமைப் பயிற்சி, மற்றக் குழுவுக்கு, ‘உன் திறமை இவ்வளவுதான், எந்த நேரமும் கைவிடலாம்’ என்று உணர்த்தும் பயிற்சி. பின்னர் சோதித்தபோது இரு குழுவினரின் உண்மைத் திறமையில் வேறுபாடு தென்படவில்லை. ஆனால் முதல் குழுவினர் தங்களைத் தேர்ந்த ஓட்டுநர்களாக மதிப்பிட்டுக்கொண்டார்கள்! நார்வே நாட்டில் வழுக்குத்தரைப் பயிற்சி அடங்கிய வகுப்பைக் கட்டாயமாக்கிய பின், இளம் ஆண்களிடையே விபத்துகள் கூடின என்று 1988இல் வெளிவந்த மதிப்பீடு சொல்லிற்று.

பத்துக் கிலோமீட்டரின் விலை

ஏன் இப்படி? ஒரு சிறு கணக்கு போட்டால் புரிந்துவிடும். கந்தன் பந்தயப் பள்ளியில் படித்தவன். உராய்வை முழுவதும் பயன்படுத்தி வினாடிக்கு வினாடி 8 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைப்பான். முருகன் சாதாரண ஓட்டுநர். அவனால் அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 6.4 மட்டுமே முடியும். இருவருக்கும் எதிர்வினை நேரம் ஒரு வினாடி என்று வைத்துக்கொள்வோம்.

இருவரும் மணிக்கு 80 கிலோமீட்டரில் வருகிறார்கள். எதிரே ஒரு குழந்தை. கந்தன் 53 மீட்டரில் நிற்கிறான். முருகனுக்கு 61 மீட்டர் வேண்டும். எட்டு மீட்டர் என்பது சாதாரணமல்ல; பயிற்சிக்கு முழு வெற்றி.

ஆனால் கந்தனுக்குத் தன்மேல் நம்பிக்கை வந்துவிட்டதே! அவன் 80க்குப் பதில் 90இல் வருகிறான். எதிர்வினை நேரத்தில் 25 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்த பின் 39 மீட்டர். மொத்தம் 64. முருகனைத் தாண்டி மூன்று மீட்டர் போய்த்தான் நிற்கிறான். பணம் கொடுத்து வாங்கிய திறமை முழுவதையும் பத்தே கிலோமீட்டர் விழுங்கிவிட்டது. திறமை, வகுக்கும் எண்ணில் ஒற்றையாக நிற்கிறது. வேகம், மேலே வர்க்கமாக நிற்கிறது. சண்டை சமமானதல்ல. இந்தியச் சாலைகளில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 1,68,491 பேர் இறந்தார்கள். பத்தில் ஏழு சாவுகளுக்கு அதிவேகமே காரணமாகப் பதிவாகியிருக்கிறது.

அப்படியானால் அந்தப் பள்ளிகளை மூடிவிடலாமா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். அவசர நேரத்தில் பெரும்பாலோர் பிரேக்கை முழு பலத்தோடு அழுத்துவதில்லை. இதைக் கண்டுதான் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 1996இல், ஓட்டுநர் அழுத்தும் விதத்தைக் கொண்டு மீதி அழுத்தத்தைத் தானே கொடுக்கும் கருவியைப் புகுத்தியது. 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டுப் புதுக் கார்களில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். அது வேலை செய்யும்போது பிரேக் மிதி காலடியில் படபடவென்று அதிரும். தெரியாதவர் பயந்து காலை எடுத்துவிடுவார். ஆபத்து இல்லாத இடத்தில் ஒருமுறை முழு பலத்தோடு மிதித்து அந்த அதிர்வை அறிந்துகொள்வதற்கு மட்டுமே ஒரு நாள் கட்டணம் தகும் என்பது என் கருத்து. இருசக்கர வண்டிக்கு இது இன்னும் பொருந்தும். முன் பிரேக்கைத் தொடவே அஞ்சுகிறவர்கள் நம்மிடையே ஏராளம். நிற்கும் சக்தியின் பெரும்பகுதி முன் சக்கரத்தில்தான் இருக்கிறது என்பதை மேலே கண்ட 6,500, 3,300 கணக்கே காட்டும்.

எனவே, சேரும் முன் பாடத்திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள் என்று என் மாணவர்களிடம் சொல்வேன். ஒரு சுற்றை எத்தனை வினாடியில் முடித்தாய் என்று கடிகாரம் காட்டுவதே பெரும்பகுதி என்றால், அது பந்தயத்துக்கு ஆள் சேர்க்கும் இடம். அந்த ஆசை உள்ளவர் போகட்டும். 60 கிலோமீட்டரிலும் 80இலும் நிறுத்தச் சொல்லி, நின்ற இடங்களில் குறி வைத்து, நனைந்த தரையில் அதையே மீண்டும் செய்யச் சொல்கிறார்கள் என்றால் அந்த வகுப்புக்குப் பணம் கட்டலாம்.

உங்களுக்கு உரிமம் பெறும் வயது ஆகவில்லையே என்று கவலை வேண்டாம். சைக்கிள் போதும். ஆள் நடமாட்டமில்லாத பள்ளி மைதானத்தில், ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில், தலைக்கவசம் அணிந்து செய்யுங்கள். பத்து மீட்டர் இடைவெளியில் இரு கோடுகள் போடுங்கள். அந்தத் தூரத்தை ஒருமுறை 4 வினாடியிலும், மறுமுறை 2 வினாடியிலும் கடந்து, இரண்டாம் கோட்டில் பின் பிரேக்கை மட்டும் பிடியுங்கள். கோட்டிலிருந்து நின்ற இடம்வரை அளந்து, ஐந்து முறை சராசரி எடுங்கள். ஒரு தூரம் மற்றதைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு இருக்கும். இப்போது இரண்டாம் கோட்டுக்கு அப்பால் மேலும் நான்கைந்து கோடுகள் போடச் சொல்லுங்கள். அதே வேகத்தில் போங்கள். உங்கள் சக்கரம் தொடும்போது நண்பர் விசில் ஊத வேண்டும். எந்தக் கோட்டில் ஊதப்போகிறார் என்பது உங்களுக்குத் தெரியக் கூடாது. இம்முறை நிற்கும் தூரம் நீளும். விகிதமும் நான்குக்குக் குறையும். நீண்ட தூரத்தை வேகத்தால் வகுத்தால் கிடைப்பது உங்கள் எதிர்வினை நேரம்.