வேகம் பழக ஓர் இடம்!

பெங்களூரில் நள்ளிரவில் மோட்டார் சைக்கிளைப் பறக்கவிடும் வாலிபர்கள் கவனிக்க வேண்டும். வேகம் பழக நடுரோடு வேண்டாம். சென்னை நெடுஞ்சாலையிலேயே, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்று பந்தயத் தளம் இருக்கிறது. சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் 1990-ல் திறந்தது. நீளம் சுமார் 3.7 கிலோ மீட்டர். குறிப்பிட்ட நாட்களில் பணம் கட்டி, சொந்த வண்டியிலேயே பழகலாம்.

எதிரே லாரி வராது; குறுக்கே குழந்தை ஓடாது. முகம் மூடும் ஹெல்மெட், தோல் உடை, கையுறை, பூட்ஸ் கட்டாயம்.

முதல் பாடமே பிரேக்தான்! வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். போக வேண்டிய இடத்தைப் பார்த்துத் திரும்ப வேண்டும். வண்டி நிமிர நிமிரத்தான் ஆக்சிலேட்டரை முறுக்கலாம்.

ஓசூர் ரோட்டில் வேலைக்குப் போகிறவருக்கும் இந்தப் பாடம் உதவும். பிள்ளை முழுசாக வீடு திரும்ப வேண்டும் என்பதுதானே பெற்றவர்களின் கவலை?