கட்டுப் போட்ட பிறகு வரும் இரவு



சபைகளுக்கு வரும்போது உங்களில் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: "ஐயா, கை முறிந்த பிள்ளைக்கு மாவுக்கட்டுப் போட்டாயிற்று. பிறகு ஏன் ஒரு ராத்திரி படுக்கையில் வைத்திருக்கிறீர்கள்? அதை வேறொரு நோயாளிக்குக் கொடுக்கலாமே?" உங்கள் காணிக்கையால் நடக்கும் படுக்கைகளானபடியால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

எலும்பு முறிந்த இடத்தில் ரத்தம் கசியும், சதை வீங்கும். முன்கையிலும் முழங்காலுக்குக் கீழும் உள்ள தசைகளை, இழுத்தாலும் நீளாத உறுதியான சவ்வுகள் அறை அறையாக மூடியிருக்கின்றன. வீக்கம் அந்த அறைக்குள் ஏறினால் வெளியேற வழியில்லை. மேலே கட்டும் இறுகிவிட்டால் சிறு ரத்தக்குழாய்கள் நசுங்கி, தசைக்கும் நரம்புக்கும் ரத்தம் நின்றுபோகும். ஏறத்தாழ 6 மணி நேரம் இப்படியே போனால் செத்த தசை மறுபடி பிழைக்காது. எலும்பு நேராகக் கூடியிருக்கும்; கையோ பறவையின் நகம்போல மடங்கி, ஆயுளுக்கும் பேனா பிடிக்க உதவாது. ஜெர்மானிய அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஃபோன் ஃபோல்க்மன் 1881-இல் இதை விவரித்து எழுதினார்; அந்த ஊனத்துக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. மரத்திலிருந்து விழுந்து, முழங்கைக்குச் சற்று மேலே முறித்துக்கொண்டு வரும் சிறுபிள்ளைகளைக் குறித்தே எங்களுக்குப் பயம் அதிகம்.

நாட்டுக்கட்டை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. மூங்கில் பத்தை வைத்து இறுக்கிய கட்டு கையைக் கெடுப்பது உண்மைதான். ஆனால் ஆஸ்பத்திரி மாவுக்கட்டும் இறுகினால் அதே கேடுதான். கட்டே போடாத கையிலும் இது வரலாம்.

ஆகையால்தான் முதல் ராத்திரி சிஸ்டர் மணிக்கொரு தரம் வருகிறார். நகத்தை அழுத்தி விடுகிறார்; வெளுத்த நகம் 2 விநாடிக்குள் சிவக்க வேண்டும். விரல் சில்லிட்டதா, மரத்ததா என்று தொட்டுப் பார்க்கிறார். "தம்பி, விரலை நீட்டு பார்ப்போம்" என்கிறார். "இப்பத்தான் கண்ணை மூடினான் சிஸ்டர், எழுப்பாதீங்க" என்று தாய் கெஞ்சினாலும் எழுப்பத்தான் செய்வார்.

எல்லாவற்றிலும் பெரிய அடையாளம் வலி. எலும்பைச் சேர்த்து அசையாமல் வைத்தபின் வலி மெல்லத் தணிய வேண்டும். மருந்து கொடுத்தும் ஏறிக்கொண்டே போனால், அல்லது மடங்கிய விரலைச் சிஸ்டர் மெதுவாக நீட்டும்போது பிள்ளை வீரிட்டு அலறினால், அது பிடிவாதமல்ல. நாடி துடிக்கிறதே என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. பெரிய குழாயில் ரத்தம் ஓடும்போதே உள்ளே தசை செத்துக்கொண்டிருக்கலாம். அழுகிற பிள்ளைக்காக ஜெபிக்கும்படி என்னை அழைப்பார்கள். ஜெபிக்கிறேன், அதற்கு முன்பே சிஸ்டருக்கு ஆள் அனுப்பிவிடுகிறேன்.

சந்தேகம் வந்தவுடன் டாக்டருக்குச் சொல்லி, மாவுக்கட்டையும் அடியிலுள்ள பஞ்சையும் தோல் தெரியுமட்டும் முழு நீளத்துக்குப் பிளந்துவிடுவார்கள். வீக்கம் வடிய வழக்கமாகக் கையை உயர்த்தி வைப்பதுண்டு. இந்த நிலையில் அது கூடாது, இருதயத்தின் மட்டத்திலேயே வைக்க வேண்டும், இல்லையேல் வருகிற கொஞ்ச ரத்தமும் குறையும். அப்படியும் தணியாவிட்டால் நடுராத்திரியானாலும் ஆப்பரேஷன் செய்து அந்தச் சவ்வைக் கீறித் திறப்பார்கள். முறிவு நகர்ந்தால் எலும்பைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

வீட்டுக்குப் போகும்போது, கட்டை நனைக்காதீர்கள், அரித்தால் குச்சி விடாதீர்கள், விரலை அடிக்கடி அசைக்கச் சொல்லுங்கள் என்கிறோம். பெற்றோர் இவற்றையெல்லாம் நினைவில் வைப்பார்கள். வலி கூடினால் உடனே வாருங்கள் என்பதை மட்டும், கடைசி பஸ் போய்விட்டதே என்று காலைக்குத் தள்ளிப்போடுகிறார்கள். உங்கள் தெருவில் புதுக்கட்டோடு ஒரு பிள்ளை வந்திருந்தால், அன்று ராத்திரி ஒரு தரம் போய் விரலைப் பாருங்கள். வண்டி வைத்திருக்கும் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கட்டை அறுக்கும் ரம்பம் ராத்திரியிலும் சிஸ்டரின் மேஜைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.