கேட்கிறவர்களுக்கு ஓர் உத்தரவு: வடசென்னையில் அன்றாட சாட்சி

நற்செய்திப் பணி என்றவுடன் தெருமுனைக் கூட்டமும் கைப்பிரதியும் ஒலிபெருக்கியுமே நம் சபைகளில் பெரும்பாலோருக்கு நினைவில் எழுகின்றன. இவை ஆண்டில் சில நாட்களுக்கு உரியவை. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் வாழும் சபையாரோ துறைமுகத்திலும் ஆலைகளிலும் காசிமேட்டு மீன் ஏலக் கூடத்திலும் ஆண்டு முழுவதும் பிற சமயத்தாருடன் சேர்ந்து உழைக்கின்றனர். அங்கே அவர்கள் தங்கள் விசுவாசத்தை எவ்வாறு பகிர்ந்துகொள்வது? ஆயர்களாகிய நாம் இக்கேள்வியைப் போதிய அளவு சிந்தித்ததில்லை.

இதற்கு 1 பேதுரு 3:15 வழிகாட்டுகிறது. நமது பழைய மொழிபெயர்ப்பு இவ்வசனத்தில் 'உத்தரவு' என்னும் சொல்லை ஆளுகிறது. இன்று இச்சொல் கட்டளை என்றே பொருள்படுகிறது. மொழிபெயர்ப்பாளர் கருதியதோ மறுமொழி. மூலத்திலுள்ள 'அப்பொலோகியா' என்னும் கிரேக்கச் சொல், வழக்காடுமிடத்தில் ஒருவர் தம் நிலையை விளக்கிச் சொல்லும் மறுமொழியைக் குறிக்கும். மறுமொழி என்றால் அதற்கு முன் ஒரு கேள்வி இருந்தாக வேண்டும். இந்நிருபத்தைப் பெற்றவர்கள் அந்நியராகவும் பரதேசிகளாகவும், சிலர் வீட்டு அடிமைகளாகவும் வாழ்ந்தவர்கள். அவர்களுக்குப் பிரசங்க பீடம் இல்லை. அயலாரின் கேள்வியே அவர்களுக்கு வாய்த்த மேடை. அப்போஸ்தலர் நடபடிகளிலும் பெந்தெகொஸ்தே நாளில் ஜனங்கள் கேட்ட பின்னரே பேதுரு பேசுகிறார். பிலிப்பியில் சிறைச்சாலைக்காரன் கேட்ட பின்னரே பவுல் பேசுகிறார். 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயராயிருந்த லெஸ்லி நியூபிகின் இவ்வுண்மையைத் தம் எழுத்துகளில் வலியுறுத்தினார்.

எதைக் குறித்துக் கேட்கிறார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. 'நம்பிக்கை' என்று நாம் வாசிக்கும் சொல் மூலத்தில் 'எல்பிஸ்'. இது 1 கொரிந்தியர் 13:13இல் விசுவாசத்தினின்று வேறுபடுத்திக் கூறப்படும் நம்பிக்கை; வரவிருப்பதை எதிர்நோக்கும் மனநிலை. ஆகவே, "உன் மதம் எது?" என்பதன்று இங்கே கேள்வி, "எதை நம்பி நீ நாளையை எதிர்கொள்கிறாய்?" என்பதே.

வடசென்னையில் இக்கேள்வி வெறும் கருத்தன்று. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதியதில் கசிந்த எண்ணெய் கரையில் படிந்தது. அதை மனிதர்கள் வாளிகளால் அள்ளினர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் கழிமுகத்தில் பரவி மீனவரின் படகுகளையும் வலைகளையும் பாழாக்கியது. அதே மாதம் 26ஆம் நாள் இரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா வாயு கசிந்தபோது மக்கள் வீடுகளை விட்டு ஓடினர். இக்கரையில் நம் பிள்ளைகளுக்கு வாழ்வு உண்டா என்று கேட்கும் அயலாருக்குக் கிறிஸ்தவர் என்ன மறுமொழி கூறுவர்?

இம்மண்ணில் முன்னோடிகள் இல்லாமலில்லை. ஸ்காட்லாந்து மருத்துவர் மட்டில்டா மக்ஃபெயில் 1888இல் சென்னைக்கு வந்து, இராயபுரத்தில் பெண்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் மருத்துவப் பணியைத் தொடங்கினார். அதுவே பின்னர் ரெய்னி மருத்துவமனையாக வளர்ந்தது. நோயாளியின் அருகில் நின்ற அப்பணி பல கேள்விகளை எழுப்பியிருக்கும். ஆயினும் சாட்சியை நிறுவனங்களிடம் ஒப்படைத்துவிட்டுச் சபையார் ஓய்ந்திருத்தல் தகாது.

இங்கே இரு ஆபத்துகள் உண்டு. உதவியைத் தூண்டிலாக்குவது ஒன்று. தமிழகத்தில் 2002இல் இயற்றப்பட்ட கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் பின்னர் நீக்கப்பட்டது. எனினும் அதன் பின்னிருந்த ஐயம் நீங்கிவிடவில்லை. வெள்ளத்தில் தவிப்பவருக்குக் கொடுக்கும் அரிசிக்கு அன்பைத் தவிர வேறு நோக்கம் இருக்கலாகாது. மற்றொன்று, 'நல்வாழ்வே போதும், வாய் திறக்கத் தேவையில்லை' என்று மௌனத்தில் ஒளிந்துகொள்வது. கேட்கிறவருக்கு மறுமொழி கூறாதிருத்தலும் அன்பின்மையே. சாந்தமும் வணக்கமும் அம்மறுமொழியின் இயல்புகள் என்கிறார் பேதுரு.

யாரும் கேட்பதில்லையே என்று சிலர் முறையிடலாம். அப்படியாயின் குறை கேளாதவரிடத்தில் இல்லை. ஒப்பந்தத் தொழிலாளியின் கூலி குறைக்கப்படும்போது கிறிஸ்தவ மேற்பார்வையாளரும் மற்றவரைப்போல் வாளாவிருந்தால், அவருடைய நம்பிக்கையைப் பற்றி எவர் கேட்பார்? வடநாட்டிலிருந்து வந்த தொழிலாளியைக் கேலி செய்யும் கூட்டத்தில் அவரும் சிரித்தால், கேள்வி பிறக்குமுன்னே மடிந்துபோகும்.

ஆகவே, ஆயர் ஞாயிறுதோறும் பேசுவதோடு நில்லாமல், சபையார் வேலைத்தலத்தில் எதிர்கொண்ட கேள்விகளைச் செவிகொடுத்துக் கேட்கவும் வேண்டும். இரவு முறை முடித்து வருபவருக்கு ஏற்ற நேரத்தில் வேதபாடம் அமையட்டும். அவர் தம் சொந்த மொழியில், தொழிற்சாலைப் பேச்சிலேயே, தம் நம்பிக்கையை இரண்டு வாக்கியங்களில் கூறப் பழகட்டும். இறையியல் மாணவரும் ஏட்டை மூடிவைத்து, சில நாட்கள் எண்ணூர்க் கரையில் நடந்து, அங்கே கேட்கப்படுவதைக் கேட்டு வருவாராக. கேள்வியை அறியாதவன் சொல்லும் உத்தரவு வெறும் கட்டளையாகவே ஒலிக்கும்.