படிகம் அப்படியே இருக்கிறது. லித்தியம் எங்கே போனது?

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிராஞ்ச்வில் என்றொரு சிற்றூர். 1870களின் பிற்பகுதியில் அங்குள்ள பெக்மடைட் பாறையிலிருந்து ஸ்பாடுமீன் என்ற லித்தியக் கனிமத்தின் பெரிய படிகங்கள் கிடைத்தன. யேல் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் பிரஷ், எட்வர்ட் டேனா இருவரும் அவற்றை ஆராய்ந்தார்கள். வெளித்தோற்றத்தில் ஸ்பாடுமீன், ஆனால் பல படிகங்களின் உள்ளே இருந்தவை வேறு கனிமங்கள். வீடு அதே வீடு, குடியிருப்பவர்தான் மாறிவிட்டார்.

பூமிக்கடியில் கிரானைட் குழம்பு இறுகும்போது, நீரும் லித்தியம், போரான் போன்ற அரிய தனிமங்களும் கடைசித் துளிகளில் போய்ச் சேர்கின்றன. அந்த மிச்சம் உறைந்து உருவாவதே பெக்மடைட். தெற்கு டகோட்டாவின் எட்டா சுரங்கத்தில் 14 மீட்டர் நீள ஸ்பாடுமீன் படிகமே கிடைத்திருக்கிறது. ஆனால் பாறை உறைந்ததோடு கதை முடிவதில்லை. விரிசல்கள் வழியே சூடான உப்புநீர் புகுந்து பழைய கனிமத்தைக் கரைக்கிறது. கரைந்த அதே இடத்தில், அதே வேளையில், புதிய கனிமம் படிகிறது. இரண்டும் மிக மெல்லிய ஒரு நீர்ப்படலத்துக்குள் நடப்பதால் படிகத்தின் உருவம் குலைவதில்லை.

பிராஞ்ச்வில்லில் நடந்தது இதுதான். முதலில் சோடியம் உள்ளே வந்தது. ஸ்பாடுமீன் போய், ஆல்பைட் என்ற ஃபெல்ஸ்பாரும் யூக்ரிப்டைட் என்ற லித்தியக் கனிமமும் பின்னிப்பிணைந்து உட்கார்ந்தன. இந்தக் கட்டத்திலேயே பாதி லித்தியம் வெளியேறிவிடுகிறது. பிறகு பொட்டாசியம் வந்தது. யூக்ரிப்டைட்டும் வெண் மைக்காவாக, நம் ஊர்ப் பேச்சில் காக்காய்ப்பொன்னாக, மாறியது. மீதி லித்தியமும் போயிற்று. பிரஷும் டேனாவும் அமிலத்தில் கரைத்தும் எடை போட்டும் இதைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் காலக் கருவிகளை வைத்துப் பார்த்தால் இது அசாத்தியமான வேலை.

இன்று இந்த வேலையின் பெரும்பகுதியை ஒளி செய்துவிடுகிறது. குறுகிய அலைநீளப் புறஊதா விளக்கை இருட்டில் பிடித்தால் யூக்ரிப்டைட் இளஞ்சிவப்பாக ஜொலிக்கும். பக்கத்திலுள்ள ஆல்பைட் அப்படி ஜொலிக்காது. பகல் வெளிச்சத்தில் இரண்டும் ஒரே வெள்ளைத் திட்டு.

இன்னும் நுணுக்கமாகப் பார்க்க, பாறையை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சீவி, மெருகேற்றி, வெற்றிடத்தில் வைத்து எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சுகிறார்கள். கனிமங்கள் தாமாகவே ஒளிரும். இதற்குப் பெயர் கேத்தோடு ஒளிர்வு. நிறத்தைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் மிகச் சிறிய அளவில் கலந்துள்ள தனிமங்களும் படிகக் கட்டமைப்பின் குறைகளும்தான். மாங்கனீஸ் இருந்தால் ஸ்பாடுமீன் ஆரஞ்சாகவும் அபடைட் மஞ்சளாகவும் ஒளிரும். குழம்பிலிருந்து நேரடியாக வளர்ந்த ஃபெல்ஸ்பார் பல நேரங்களில் நீலம். பின்னால் வந்த நீர் மாற்றிய பகுதிகள் மங்கலாகவோ, இரும்பு நுழைந்திருந்தால் சிவப்பாகவோ தெரியும். சாதாரண நுண்ணோக்கியில் ஒரே படிகமாகத் தோன்றியதன் குறுக்கே, நீர் புகுந்த வழி நரம்பு நரம்பாக விரிவதைப் படத்தில் பார்க்கலாம்.

படம் எடுக்க வேகம் வேண்டும். பெக்மடைட் குவார்ட்ஸின் நீலப்பச்சை ஒளி எலக்ட்ரான் தாக்கத்திலேயே சற்று நேரத்தில் மங்கிவிடும். நிறத்தை மட்டும் நம்பி முடிவெடுப்பதும் தவறு. இரும்பு கூடினால் ஒளியே அணைந்துபோகும். ஒரே கனிமம் இரண்டு இடங்களில் இரண்டு நிறம் காட்டும். அதனால் படத்தில் எல்லைகளைக் குறித்துக்கொண்டு, அந்தந்த இடத்தின் வேதியியலை எலக்ட்ரான் நுண்பகுப்பாய்வில் அளந்தாக வேண்டும்.

இது வெறும் ஆய்வுக்கூட ஆர்வம் அல்ல. மின்வாகன மின்கலங்களுக்கான லித்தியத்தில் பெரும்பங்கு ஸ்பாடுமீனிலிருந்து வருகிறது. தூய ஸ்பாடுமீனில் லித்தியம் ஆக்சைடு சுமார் 8 சதவீதம். அதே உருவத்தில் மைக்காவும் ஆல்பைட்டும் நிறைந்த படிகத்தில் எடுப்பதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்தில், மார்லகல்லா பெக்மடைட்டுகளில் 1,600 டன் லித்தியம் இருக்கலாம் என்ற மதிப்பீடு 2021இல் வெளியானது. அத்தகைய இடங்களில் படிகங்களின் உருவத்தைப் பார்த்துக் கணக்குப் போடாமல், அவற்றுக்குள் எவ்வளவு ஸ்பாடுமீன் மிஞ்சியிருக்கிறது என்பதை ஒளிர்வுப் படங்களின் துணையோடு முதலில் வரைந்தெடுக்க வேண்டும்.