முன் ஃபோர்க்கைக் கழற்றுகிறார்களா? பக்கத்தில் நில்லுங்கள்!

சமையலும் கோலமும் வருகிற பக்கத்தில் ஒருத்தி சைக்கிள் ஃபோர்க்கைப் பற்றி எழுதுகிறாளே என்று சிரிக்காதீர்கள், சகோதரிகளே. இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கும் வீட்டுத் திண்ணையில் எல்லாம் ஒரு எம்.டி.பி. சைக்கிள் சாத்தியிருக்கிறது. அண்ணன், தம்பி இருந்தால் இரண்டு. பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? இதன் சீட்டை அதில் போடுவார்கள், அதன் பெடலை இதில் மாட்டுவார்கள். அதெல்லாம் போகட்டும். முன் ஃபோர்க்கில் கை வைத்தால் மட்டும் நாம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நிற்க வேண்டும். செயின் கழன்றால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். ஃபோர்க் கழன்றால் பிள்ளை முகம் குப்புற விழும். முன் பல்லும் தாடையும் என்ன ஆவது?

ஃபோர்க் என்பது ஹேண்டில் பாருக்குக் கீழே, முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கிற கவை. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கிற சைக்கிளில் இது வெறும் இரும்புக் கவைதான். எம்.டி.பி.யில் இரண்டு காலும் குழாய்க்குள் குழாயாக இருக்கும். நாம் வாங்குகிற விலையில் உள்ளே ஒரு ஸ்பிரிங். 1970களில் அமெரிக்காவில் கலிஃபோர்னியா மலைச் சரிவுகளில் பழைய சைக்கிளை உருட்டி விளையாடியவர்களிடமிருந்து வந்த வண்டி இது. 1989-ல் ராக் ஷாக்ஸ் என்ற கம்பெனி காற்றும் எண்ணெயும் அடைத்த ஃபோர்க்கை அதற்கென்றே கொண்டு வந்தது. எங்கள் கீழ்பென்னாத்தூரில் சரிவு ஏது? ஆனால் வேகத்தடையும் பள்ளமும் அதற்குக் குறைவில்லை!

எங்கள் சின்னவன் சைக்கிளில் இந்த ஃபோர்க் போன ஐப்பசி மழையில் நனைந்து, துருப் பிடித்து, அமுக்கினாலும் இறங்காமல் நின்றுவிட்டது. புதுசு 2,500 ரூபாய் என்றார்கள். பெரியவன் கல்லூரி ஹாஸ்டலுக்குப் போய்விட்டதால் அவன் சைக்கிள் சும்மா கிடந்தது. "அம்மா, அண்ணன் ஃபோர்க்கை எனக்குப் போட்டுட்டு, என்னுதை அதுல போட்டுடலாம். காசே செலவில்ல" என்றான் சின்னவன். போனில் கேட்டதற்குப் பெரியவனும், "எடுத்துக்கட்டும்மா, ஆனா வெட்டிக்கிட்டிக் கெடுத்துடப் போறான்" என்றான். அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்பது கடையில்தான் தெரிந்தது.

சைக்கிள் கடை அண்ணன் இரண்டையும் கழற்றிப் போட்டுவிட்டு, "தங்கச்சி, துணி தைக்கிற டேப் இருந்தா எடுத்துக்கிட்டு வாம்மா" என்றார். நம் தையல் டேப்பே போதும், பாருங்கள்.

முதலில் சக்கரம். டயர் ஓரத்திலேயே 26, 27.5, 29 என்று அச்சடித்திருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். எங்களுடையது இரண்டும் 26. அடுத்தது, ஃபோர்க்கின் தலையிலிருந்து மேலே நீண்டு, ஃபிரேமுக்குள் புகுந்து ஹேண்டிலைத் தாங்குகிற தண்டு. பழைய மாடலில் இது 1 அங்குலக் கனம். இப்போது பெரும்பாலும் ஒன்றே அரைக்கால் அங்குலம், அதாவது 28.6 மில்லிமீட்டர். இதில் சிலவற்றின் உச்சியில் மரை இருக்கும், சிலவற்றில் இருக்காது. கனமும் மரையும் ஒத்துப் போகாவிட்டால் அங்கேயே விட்டுவிட வேண்டியதுதான். ஒரு கம்பெனி குக்கர் மூடியை இன்னொரு கம்பெனி குக்கருக்கு அமுக்கிப் பார்ப்போமா? பிரேக்கும் அப்படித்தான். டிஸ்க் பிரேக் மாட்ட ஃபோர்க்கின் இடது காலில் தனியாகக் காது இருக்கும். ரப்பர் கட்டை பிரேக்குக்கு இரண்டு காலிலும் சின்ன முளை இருக்கும். முளை இல்லாத ஃபோர்க்கில் அந்த பிரேக் நிற்காது.

இதெல்லாம் எங்களுக்கு ஒத்து வந்தது. இடித்தது தண்டின் நீளம். பெரியவன் உயரம், அவன் ஃபிரேமும் பெரிது, தண்டும் நீளம். அது சின்னவன் ஃபிரேமில் ஏறி, மேலே ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடவே நீட்டிக்கொண்டு நின்றது. அண்ணன் ரம்பத்தை எடுத்தார். "வெட்டாதீங்கண்ணே, பெரியவன் திருப்பிக் கேட்பான்" என்றேன். வளையம் வளையமாக ஸ்பேசர் போட்டு நிரவிவிட்டார். சின்னவன் தண்டோ பெரிய ஃபிரேமில் ஏறியதும் அரை அங்குலம் குறைந்தது. ஹேண்டிலைப் பிடிக்கிற ஸ்டெம் அதன் நுனியைத்தான் கவ்வியது. "இறுக்கிக் குடுத்துடுங்க மாமா" என்று சின்னவன் கெஞ்சினான். "இன்னிக்கு இறுகும்டா. ஒரு பள்ளத்துல கையோட வந்துடும். நான் போட்டுத் தர மாட்டேன்" என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாற்றிக்கொள்வது என்றால் இரண்டு பக்கமும் சரியாக வந்துவிடும் என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். நீளமானது குட்டையில் அடங்கும். குட்டையானது நீளத்துக்குப் போதாது.

கடையில் மாட்டினாலும் சரி, வீட்டில் மாட்டினாலும் சரி, பிள்ளை ஏறுவதற்கு முன் நாமே பார்க்க வேண்டும். கீழ்க் கப்பும் தண்டின் அடியில் உட்காருகிற வளையமும் ஜோடி. பால்ஸ் ஒன்றிரண்டு உருண்டு போயிருந்தால் ஹேண்டில் கரகரவென்று திரும்பும். ஃபோர்க் முன்பின்னாக மாட்டப்படவில்லையே என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள். சக்கரத்தின் அச்சு, கால்களின் நேர்க்கோட்டைவிடச் சற்று முன்னே தள்ளி இருக்க வேண்டும். பிறகு முன் பிரேக்கை அழுத்திக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டில் கழுத்தில் 'டொக் டொக்' என்றால் தளர்ச்சி. சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ஹேண்டிலைத் திருகுங்கள். அது தனியாகத் திரும்பினால் வண்டியை வெளியே விடாதீர்கள். மரையில்லாத தண்டு என்றால் உச்சியில் இருக்கிற போல்ட் ஆட்டத்தை எடுக்க மட்டும்தான். ஹேண்டிலைப் பிடிப்பவை ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்டுகள். உச்சி போல்ட் முதலில், பக்கவாட்டு போல்ட்டுகளை மாற்றி மாற்றி அப்புறம். ஒரு வாரம் ஓட்டியபின் மறுபடி ஒருமுறை ஆட்டிப் பாருங்கள்.

சின்னவன் இப்போது டியூஷனுக்கு அண்ணன் ஃபோர்க்கில்தான் போய் வருகிறான். பெரியவன் சைக்கிளுக்கு, தண்டு வெட்டாத சாதா இரும்பு ஃபோர்க் ஒன்றைக் குறைந்த விலையில் வாங்கிப் போட்டோம். அதில் எங்கள் வீட்டுக்காரர் காலையில் பால் வாங்கப் போகிறார். "ஸ்பிரிங்கும் வேணாம், ஒண்ணும் வேணாம். கேன் ஆடாம இருக்கு" என்கிறார்.